பில்டிங் சர்வேயர் யாருடைய ஆள்?

கேள்வி. 2025 ஆகஸ்ட் 9, சனி

மெல்போர்னுக்கு மேற்கே மனை வாங்கி வீடு கட்டப் போகிறோம். பில்டர் நீட்டிய காகிதக் கட்டில் ‘ரெலவன்ட் பில்டிங் சர்வேயர்’ நியமனம் என்று ஒரு தாள் இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டேன். கட்டணம் என் தலையில் என்பது பிறகுதான் தெரிந்தது. மனையை ஏற்கெனவே ஒரு சர்வேயர் வந்து அளந்து முளை அடித்துவிட்டுப் போனார். இன்னொருவர் எதற்கு? அரசு ஊழியர் என்றால் ஏன் கம்பெனி பெயரில் பில் வருகிறது? பில்டருக்கு வேண்டியவரை நான் காசு கொடுத்து வைத்துக்கொள்கிறேனா? தெரிந்த அண்ணன்மார் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 9, இரவு 10.40

பதில். ‘சர்வேயர்’ என்ற சொல்லை முதலில் மறந்துவிடுங்கள். நம் காதில் அது சங்கிலி, பட்டா, எல்லைக்கல். முளை அடித்தவர் நில அளவையர். இவர் வேறு சாதி. வரைபடத்தையும் கட்டுகிற வேலையையும் சட்டத்தோடு ஒத்துப் பார்ப்பவர். பில்டிங் பர்மிட் கொடுப்பவர் அவர். குழியையும் கம்பியையும் வீட்டின் எலும்புக்கூடான மரச்சட்டகத்தையும் பார்க்க ஆள் அனுப்புபவர் அவர். கடைசியில் ஆக்குபன்சி பர்மிட் என்கிற குடிபுகும் அனுமதி தருபவரும் அவரே. தப்பு கண்டால் திருத்தச் சொல்லி எழுத்தில் உத்தரவு போடவும் முடியும்.

இத்தனையும் செய்கிறவர் அரசு ஊழியர் அல்ல. அரசின் அதிகாரத்தில் ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு தொழில் நடத்தும் தனியார். மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் 1993ஆம் ஆண்டின் கட்டடச் சட்டம் 1994 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபோது இந்தக் கதவு திறந்தது. அதற்கு முன் பர்மிட் என்றால் கவுன்சில் என்கிற உள்ளாட்சி அலுவலகத்தின் வாசல்தான்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு விடை உங்களுக்குப் பிடிக்காது. நாளை எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 10, காலை

சட்டத்தின்படி அவரை வைப்பது நீங்கள். 2016 செப்டம்பர் 1 முதல், வீடு கட்டும் பில்டர் உரிமையாளர் சார்பில் தனியார் சர்வேயரை நியமிக்கக் கூடாது. பரீட்சை எழுதுகிறவனே விடைத்தாள் திருத்துகிறவரைக் கூட்டி வந்தால் எப்படி?

நடப்பதைக் கேளுங்கள். பில்டர் அலுவலகத்தில் ஓடு, குழாய், கைப்பிடி, சுவர் நிறம் என்று நாலு மணி நேரம் உட்கார வைப்பார்கள். கண் சொருகும் நேரத்தில் காகிதக் கட்டு வரும். அதில் எங்கோ நியமனத் தாள், பெயர் முன்னமே அச்சடித்து. ‘நீங்கள் விரும்பினால் வேறு யாரையும் வைத்துக்கொள்ளலாம், கொஞ்சம் தாமதமாகும்’ என்பார்கள். நம் ஊர் கல்யாண மண்டபத்தில் ‘வெளிச் சமையல்காரரை வைத்துக்கொள்ளுங்கள், பாத்திரம் மட்டும் தரமாட்டோம்’ என்பார்களே, அதே தாராள மனசு.

ஆக, காசு உங்களுடையது, தேர்வு பில்டருடையது, அதிகாரம் அரசுடையது. உங்கள் வீடு அவருக்கு ஒரே ஒரு கோப்பு. பில்டரோ மாதா மாதம் கோப்பு அனுப்புகிறவர். எந்த முகத்தை நினைத்துக்கொண்டு வேலை செய்வார் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். பிடிக்கவில்லை என்றால் ஒரு கடிதம் கொடுத்து மாற்றிவிடலாம்.

நான் யார் இதைச் சொல்ல? ஒன்பது வருடமாக ஒரு சர்வேயர் அலுவலகத்தில் வேலை. பதிவு பெற்ற பில்டிங் இன்ஸ்பெக்டர், சர்வேயர் அல்ல. 2019இல் என் சொந்த வீட்டுக்கு வந்த நியமனத் தாளை நானும் படிக்காமல்தான் கையெழுத்துப் போட்டேன். சமையலறைக் கல் கறுப்பா வெள்ளையா என்று வீட்டில் சண்டை நடந்துகொண்டிருந்தது.

ஆகஸ்ட் 10, மதியம். திருத்தம்

‘ஒரு கடிதம் கொடுத்து மாற்றிவிடலாம்’ என்று காலையில் எழுதியது தவறு. சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. தனியார் சர்வேயரை ஒருமுறை நியமித்துவிட்டால், மாநில அரசின் கட்டட ஒழுங்குமுறை அமைப்பின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் அந்த நியமனத்தை முடிக்க முடியாது. கறாரானவரைத் துரத்திவிட்டு இளகினவரைக் கூட்டிவரும் வேலை நடக்கக் கூடாது என்பதற்காக வைத்த பூட்டு. நல்ல பூட்டுதான். இளகினவரிடம் மாட்டிக்கொண்டவருக்கும் அதே பூட்டு என்பதுதான் வருத்தம்.

ஆகஸ்ட் 12

‘பில்லில் லெவி என்று ஒரு தொகை இருக்கிறதே, அதுவும் சர்வேயருக்கா?’ இல்லை. அது அரசுக்கு. வீட்டு வேலைக்கு ஒரு டாலருக்கு 0.128 சென்ட். நான்கு லட்சம் டாலர் வீடு என்றால் 512 டாலர். பர்மிட் எண் கிடைக்கும் முன் கட்ட வேண்டியது. ஒழுங்குமுறை அமைப்பின் சம்பளத்துக்கும் தகராறு தீர்க்கிற செலவுக்கும் அது போகிறது.

ஆகஸ்ட் 14

‘இந்த அதிகாரத்தை யார் கொடுக்கிறார்கள்? பரீட்சை உண்டா?’ என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். கொடுப்பது மாநிலம். ஆஸ்திரேலியா முழுவதற்கும் பொதுவாக இருப்பது தேசியக் கட்டுமான நெறித்தொகுப்பு, அதாவது படிக்கட்டு எவ்வளவு உயரம், கைப்பிடிச் சுவரில் எவ்வளவு இடைவெளி என்கிற தொழில்நுட்ப விதி. அதைச் சரிபார்க்கும் ஆளுக்கு உரிமம் தருவது அந்தந்த மாநிலத்தின் பாடு. சிட்னியில் இதே வேலை செய்பவருக்குப் பெயரே வேறு: ‘சர்ட்டிஃபையர்’. அவர்களுக்கு 2018இல் இயற்றி 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த தனிச் சட்டம். அங்கே பத்து வருடம் வேலை பார்த்த மச்சான் சொல்வதை இங்கே அப்படியே நம்பாதீர்கள்.

விக்டோரியாவில் சர்வேயர் இரண்டு வகை. ‘லிமிட்டட்’ பெற்றவர் மூன்று மாடிக்கும் 2,000 சதுர மீட்டருக்கும் உட்பட்ட கட்டடங்களோடு நிற்க வேண்டும். ‘அன்லிமிட்டட்’ பெற்றவருக்கு உயரக் கட்டுப்பாடு கிடையாது. இன்ஸ்பெக்டரிலும் இந்த இரண்டு வகை உண்டு. இன்ஸ்பெக்டர் போய்ப் பார்க்கலாம், குறிப்பு எழுதலாம். பர்மிட் கொடுக்க முடியாது.

படிப்பு வேண்டும், அனுபவம் வேண்டும், காவல்துறைச் சான்று வேண்டும், திவாலாகியிருக்கக் கூடாது, தொழில் காப்பீடு வேண்டும். இதில் ஆளைச் சாகடிப்பது அனுபவத்துக்கான ஆதாரம். எனக்கு மதுரையில் சிவில் பட்டம், அதன்பின் பாலமும் மேல்நிலைத் தொட்டியுமாக ஏழு வருட வேலை. இங்கே வந்தபோது அதை ஒரு பெரிய கோப்பாகக் கட்டி எடுத்து வந்தேன். புரட்டிப் பார்த்த என் மேலதிகாரி, ‘அருமை, இதில் ஒரு வீடாவது இருக்கிறதா?’ என்றார். இல்லை. மரச்சட்டகத்தைக் கையால் தொட்டதே முப்பத்து நான்காவது வயதில். மாலை வகுப்பில் மறுபடி படித்தேன். பக்கத்து மேசைக்காரனுக்குப் பத்தொன்பது வயது. என்னை ‘சார்’ என்று கூப்பிட ஆரம்பித்தான், நான்தான் பாடம் நடத்துகிறேன் என்று நினைத்து.

பிறகு வேலைப் பதிவேடு. எந்த முகவரி, எந்தப் பர்மிட், எந்த நாள், நான் என்ன பார்த்தேன், என்ன குறை கண்டேன், எந்த விதி, என் வேலையைப் பார்த்த பதிவுபெற்ற சர்வேயரின் கையெழுத்து. வரி வரியாக. நம் ஊர் அரசுப் பணியில் அளவுப் புத்தகம் எழுதியவர்களுக்கு அந்த வேதனை தெரியும்.

ஆகஸ்ட் 14, பிற்பாடு

ஒன்று விட்டுப்போயிற்று. மேலே ‘ஒழுங்குமுறை அமைப்பு’ என்று மொட்டையாக எழுதுவதற்குக் காரணம், பெயர் மாறிக்கொண்டே இருப்பதுதான். எங்கள் அலுவலகத்தின் மூத்தவர் சுவரில் மூன்று கடிதங்களைச் சட்டமிட்டு மாட்டியிருக்கிறார். முதல் கடிதம் கட்டடத் தொழிலாளர் வாரியத்துடையது. (தொழிலாளர் என்பது சரியில்லை. கட்டடத் தொழில்புரிவோர் வாரியம்.) இரண்டாவது 2013 ஜூலையில் தோன்றிய விக்டோரியக் கட்டட ஆணையத்துடையது. வாரியத்தை 2016இல் கலைத்துப் பதிவையும் ஒழுங்கு நடவடிக்கையையும் அந்த ஆணையத்திடமே கொடுத்தார்கள். மூன்றாவது 2025 ஜூலை 1ஆம் தேதி பொறுப்பேற்ற கட்டடம் மற்றும் குழாய்ப்பணி ஆணையத்துடையது. பதிவு, தகராறு தீர்ப்பு, வீட்டுக் காப்பீடு மூன்றும் இப்போது ஒரே கூரையின் கீழ். நாலாவது ஆணிக்கு இடம் விட்டுத்தான் மாட்டியிருக்கிறார்.

பெயர்மாற்றம் சும்மா நடக்கவில்லை. 2011 டிசம்பரில் மாநிலத் தலைமைத் தணிக்கையாளர் 401 பர்மிட்களை எடுத்துப் பார்த்தார். நூற்றுக்கு 96 குறைந்தபட்சத் தேவைக்கே பொருந்தவில்லை. அந்த அறிக்கையை வகுப்பில் படித்தபோது எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 17

தம்பி மறுபடி கேட்கிறார்: ‘அப்படியானால் என் வீட்டின் தரத்தை அவர் பார்த்துக்கொள்வாரா?’

இல்லை. இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். அடித்தளத்துக்கு முன், கம்பி கட்டிக் கான்கிரீட் ஊற்றும் முன், சட்டகம் முடிந்ததும், எல்லாம் முடிந்ததும். சாதாரண ஒற்றை வீட்டுக்குக் கட்டாயப் பார்வை அவ்வளவுதான். மாதக்கணக்கில் வேலை நடக்கிற இடத்தில் இன்ஸ்பெக்டர் மொத்தமாக இருக்கும் நேரத்தைக் கூட்டினால் ஒரு சினிமாவுக்குக்கூட வராது. குளியலறையில் தண்ணீர்க் கசிவு தடுக்கப் பூசும் பூச்சு அந்தப் பட்டியலிலேயே இல்லை. வீடு கட்டியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், முதலில் அழுவது எதற்கு என்று. குளியலறைக்குத்தான்.

இன்னொன்று. ஆக்குபன்சி பர்மிட் என்பது வீடு குடியிருக்கத் தக்கது என்பதற்குச் சான்று. சட்டத்துக்கும் விதிகளுக்கும் முழுக்கப் பொருந்துகிறது என்பதற்குச் சான்றல்ல. இதைச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். முதல்முறை படித்தபோது அந்தப் பிரிவை இரண்டு தடவை படித்தேன், நாம்தான் ஆங்கிலத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டோமோ என்று.

தரம் பார்க்க வேண்டுமானால் தனியே காசு கொடுத்து ஒருவரை வையுங்கள். அவருக்கு உத்தரவு போடும் அதிகாரம் இருக்காது. வாய் இருக்கும்.

ஆகஸ்ட் 23

ஒரு சட்டகப் பார்வை எப்படி இருக்கும் என்று எழுதச் சொன்னீர்கள். நேற்றையது சூட்டோடு இருக்கிறது, எழுதுகிறேன்.

காலை ஏழே கால். மேற்குப் புறநகரில் புதுத் தெரு. தெருப்பெயர்ப் பலகை இருக்கிறது, தெரு பாதிதான் இருக்கிறது. களிமண் பூட்சில் ஒட்டி, காரில் ஏறும்போது ஆளுக்கு இரண்டு அங்குலம் உயரம் கூடியிருக்கும். தச்சர்கள் மூன்று பேர், ரேடியோ. என் வெள்ளைத் தலைக்கவசத்தைப் பார்த்ததும் ரேடியோவின் சத்தம் குறைந்தது. நம் ஊரில் ஏ.இ. ஜீப் வந்தால் மேஸ்திரி பீடியை அணைப்பாரே, அதே மரியாதை.

முதலில் வரைபடம். பர்மிட் முத்திரையுள்ள வரைபடம் மட்டுமே கணக்கு. மேற்பார்வையாளர் கைப்பேசியில் காட்டும் ‘புதுப் பிரதி’ கணக்கில் வராது. அடுத்து வீடு காற்றில் ஒருபக்கம் சாயாமல் பிடித்து நிறுத்தும் குறுக்குப் பிணைப்புகள். எந்தச் சுவரில் ஒட்டுப்பலகை, எந்தச் சுவரில் தகரப் பட்டை என்று வரைபடத்தில் குறி இருக்கும். ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்க வேண்டும். பலகை இருக்கும், ஓரத்து ஆணி போதாமல் இருக்கும். ஆணியை எண்ணுவேன். ஆமாம், எண்ணுவேன். தச்சர்கள் சிரிப்பார்கள்.

பிறகு கூரை. தொழிற்சாலையில் செய்து லாரியில் வரும் ட்ரஸ்கள், அதாவது கூரையைத் தாங்கும் முக்கோண மரச் சட்டங்கள். சுவரின் மேல்கட்டையோடு அவற்றைப் பிடித்திருக்கும் தகரப் பிடிகள். நேற்று பின்பக்கத்தில் ஆறு பிடிகள் இல்லை. பெட்டி கார் டிக்கியில் இருக்கிறது, அடித்துவிடுகிறோம், இப்போதே பாஸ் எழுதுங்கள் என்றார் மேற்பார்வையாளர். நாளை மறுநாள் செங்கல் வேலைக்கு ஆள் வருகிறார்களாம். கையில் கேக்கும் காபியும் வைத்திருந்தார். காபியை வாங்கிக்கொண்டேன். பாஸ் எழுதவில்லை. அடித்து முடித்த பிறகு மறுபடி கூப்பிடச் சொல்லிவிட்டு வந்தேன்.

இதைப் பெருமைக்காக எழுதவில்லை. காரில் உட்கார்ந்ததும் அலுவலகத்திலிருந்து போன். ‘ஆறு பிடிதானே?’ அவ்வளவுதான் கேட்டார்கள். திட்டவில்லை, மிரட்டவில்லை. ‘தானே’ என்ற அந்த இழுப்பு போதும். அந்த பில்டரின் கோப்புகள் எங்கள் அலமாரியில் ஒரு தட்டு முழுக்க இருக்கின்றன.

ஆகஸ்ட் 24

‘தப்பு செய்தால் அவர்களுக்கு என்ன ஆகும், மேசையடியில் எல்லாம் முடிந்துவிடும்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஒரேயடியாக அப்படிச் சொல்ல முடியாது. காரணம் கேட்டு நோட்டீஸ் வரும், கண்டிப்பு, அபராதம், இடைநீக்கம், பதிவு ரத்து என்று படிப்படியாகப் போகும். முடிவான தண்டனைகளை யாரும் இணையப் பதிவேட்டில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். தம்பி, உங்கள் தாளில் இருக்கும் பெயரையும் எண்ணையும் இன்றே போட்டுப் பாருங்கள். சர்வேயர் தான் வரைந்த வரைபடத்துக்குத் தானே பர்மிட் கொடுக்கக் கூடாது, தனக்குப் பண லாபம் உள்ள நிறுவனத்தின் கட்டடத்தைத் தொடக் கூடாது. 2021 ஜனவரி 1 முதல் நடத்தை நெறியும் எழுத்தில் இருக்கிறது.

வழக்கு வேறு இருக்கிறது. 2014 நவம்பர் 25ஆம் தேதி, மெல்போர்னின் டாக்லாண்ட்ஸ் பகுதியில் லாக்ராஸ் என்ற அடுக்குமாடி. எட்டாம் மாடி பால்கனியில் அணையாத சிகரெட் ஒன்று. வெளிச்சுவரில் அழகுக்காக ஒட்டியிருந்த அலுமினியத் தகட்டின் நடுவில் பிளாஸ்டிக். தீ சுமார் பதினோரு நிமிடத்தில் உச்சிக்குப் போய்விட்டது. உயிர்ச்சேதம் இல்லாதது தெய்வச்செயல். 2019இல் வந்த தீர்ப்பில் அதிகப் பங்குப் பொறுப்பு பில்டிங் சர்வேயர் தலையில்தான் விழுந்தது.

ஆகஸ்ட் 25. திருத்தம்

தப்பு. அதிகப் பங்கு சர்வேயருக்கு அல்ல. தீயணைப்புப் பொறியாளருக்கு 39 சதவீதம், சர்வேயருக்கு 33, கட்டடக் கலைஞருக்கு 25. சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. எங்கள் அலுவலகத்தில் அந்த வழக்கைச் சொல்லிச் சொல்லியே பயமுறுத்துவதால் முழுப்பழியும் எங்கள் மேல்தான் என்று மனம் பதிந்துவிட்டது.

மிச்சம் 3 சதவீதம்? சிகரெட் பிடித்தவருக்கு. நான் புகைபிடிப்பதை நிறுத்தியது 2019இல்தான். காரணம் அதுதான் என்று மனைவியிடம் சொன்னேன், நம்பவில்லை.

சர்வேயர் அகப்பட்டது எதில் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தகடு விதிக்குப் பொருந்துகிறது என்று ஏற்றுப் பர்மிட் கொடுத்ததில். தீயணைப்பு அறிக்கையில் வெளிச்சுவர்த் தகட்டைப் பற்றிய விவரம் முழுமையாக இல்லாததைக் கேள்வி கேட்காமல் விட்டதில். கேட்காத கேள்விக்கு 33 சதவீதம்.

ஆகஸ்ட் 31

அந்தத் தீக்குப் பிறகு, 2017இல் லண்டன் கிரென்ஃபெல் தீக்குப் பிறகு, காப்பீட்டு நிறுவனங்கள் பின்வாங்கின. காப்பீடு இல்லையென்றால் பதிவு இல்லை. பதிவு இல்லையென்றால் பர்மிட் கொடுக்க ஆள் இல்லை. 2019இல் அரசே இறங்கிவந்து, வெளிச்சுவர்த் தகட்டுக்குப் பொறுப்பேற்காத காப்பீடும் செல்லும் என்று விதியைத் தளர்த்தியது. எதற்குக் காப்பீடு அவசரமாக வேண்டுமோ அதைத் தவிர மற்றதற்கெல்லாம் காப்பீடு. குடையில் மழைக்கு மட்டும் ஓட்டை.

செப்டம்பர் 6

பேச்சு ஊருக்குத் திரும்பிவிட்டது. திரும்பாமல் இருக்குமா?

‘நம் மாநகராட்சிகளிலும் லைசென்ஸ்டு சர்வேயர் உண்டே, அதே ஆள்தானே?’ அதே பெயர், நேர் எதிர் வேலை. என் மாமா மதுரையில் அந்த உரிமத்தோடு தொழில் செய்தவர். பிளான் வரைந்து, கையெழுத்துப் போட்டு, கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைவது அவர் வேலை. அனுமதி கொடுப்பது மாநகராட்சி. இங்கே அனுமதி கொடுப்பவர் தனியார். அவர் வரையவே கூடாது. மாமா இங்கே வந்திருந்தபோது நாள் முழுக்க விளக்கினேன். கடைசியில் ‘அப்படியானால் கமிஷனர் அதிகாரத்தை வாடகைக்கு விட்டிருக்கிறார்கள்’ என்றார். ஒன்பது வருடத்தில் இதைவிடச் சுருக்கமான விளக்கம் நான் கேட்டதில்லை.

இன்னொருவர் சென்னை மௌலிவாக்கத்தில் இடிந்து விழுந்த அடுக்குமாடியை இழுத்திருக்கிறார், ‘அங்கே அரசுதானே அனுமதி கொடுத்தது’ என்று. உண்மைதான். 2014 ஜூன் 28, பதினொரு மாடி, 61 உயிர். லாக்ராஸ் எரிந்த அதே வருடம். பக்கத்திலிருந்த இரண்டாவது கோபுரத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்ததை நான் இங்கே சாப்பாட்டு மேசையில் காணொளியாகப் பார்த்தேன். அரசு முத்திரை இருந்தால் கட்டடம் நிற்கும், தனியார் முத்திரை என்றால் விழும் என்று கணக்குச் சொல்ல முடியாது என்பதை ஏற்கிறேன். ஆகஸ்ட் 10ஆம் தேதி கொஞ்சம் அப்படித்தான் எழுதிவிட்டேன். அனுமதித்த பிறகு குழிக்குள் இறங்கிப் பார்த்தது யார் என்பதுதான் இரண்டு ஊரிலும் கேட்க வேண்டியது.

செப்டம்பர் 7

‘கவுன்சிலையே வைத்துக்கொள்ளலாமா?’ வைத்துக்கொள்ளலாம், அந்தக் கவுன்சில் பர்மிட் வேலையை எடுத்துக்கொண்டால். ஒவ்வொரு கவுன்சிலும் முனிசிபல் பில்டிங் சர்வேயர் ஒருவரை வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். தனியார் சர்வேயர் பர்மிட் கொடுத்த ஏழு நாளுக்குள் அதன் பிரதி கவுன்சிலுக்குப் போய்ச் சேர வேண்டும். சர்வேயரின் முடிவு பிடிக்கவில்லை என்றால் மேல்முறையீட்டு வாரியம் தனியே இருக்கிறது.

செப்டம்பர் 20

ஆறு பிடி கதையை எழுதிய பிறகு பாராட்டித் தனி மடல்கள் வந்தன. அதனால் இதையும் எழுத வேண்டும். இரண்டு வாரமாகத் தள்ளிப்போட்டேன்.

சில வருடங்களுக்கு முன் நான் சட்டகம் பார்த்துப் பாஸ் எழுதிய வீடு. குடிவந்து ஒன்றரை வருடம் கழித்து கூடத்தின் மேற்கூரைப் பலகையில் தொய்வு. அறுத்துப் பார்த்தால் ஒரு ட்ரஸின் நடுக்கட்டை அறுபட்டுக் கிடக்கிறது. குளிரூட்டிக் குழாய் போக வழி செய்திருக்கிறார்கள். ட்ரஸில் எந்தக் கட்டையையும் பொறியாளர் கையெழுத்தில்லாமல் தொடக் கூடாது. முதல் வருடப் பாடம் அது.

குழாய்க்காரர் வருவது என் பார்வைக்குப் பிறகு. ஆகவே அறுத்தது எனக்குப் பிறகுதான் நடந்திருக்கும் என்று சொன்னேன். அலுவலகமும் அதையே எழுதியது. பில்டர் தன் செலவில் சரிசெய்தார். கோப்பு மூடப்பட்டது.

அன்றிரவு நான் எடுத்த படங்களைத் திறந்தேன். நாற்பத்திரண்டு படங்கள். பிணைப்பு, ஆணி, தகரப் பிடி, கதவு மேல் விட்டம், எல்லாம் இருந்தன. அந்த ட்ரஸ் இருந்த மூலை ஒன்றில்கூட இல்லை. நான் பார்த்திருந்தால் படம் எடுத்திருப்பேன். எடுக்காததால் பார்க்கவில்லை என்று சொல்லிவிடவும் முடியாது. அன்று நான்காவது வீடு, நாற்பது டிகிரி வெயில். அன்றிலிருந்து எந்த வீட்டிலும் கதவருகே நின்று கடிகாரம் சுற்றும் திசையில் ஒவ்வொரு ட்ரஸையும் விரல்விட்டு எண்ணுகிறேன். தச்சர்கள் இதற்கும் சிரிக்கிறார்கள்.

சர்வேயர் பதிவுக்கு விண்ணப்பிக்க என்னிடம் எல்லாக் காகிதமும் தயார். போன வருடமே போட்டிருக்க வேண்டியது. வீட்டில் ஏன் போடவில்லை என்று கேட்டால் கட்டணம் ஏறிவிட்டது என்கிறேன்.

செப்டம்பர் 20, இரவு

‘இதற்குப் பத்து வருடம் பொறுப்பாமே?’ ஆமாம். ஆக்குபன்சி பர்மிட் தேதியிலிருந்து பத்து வருடம் வரை வழக்குப் போடலாம். அந்த வீட்டுக்கு இன்னும் காலம் இருக்கிறது. ஞாபகப்படுத்தியதற்கு நன்றி.

அக்டோபர் 11

கேள்வி கேட்ட தம்பி வந்துவிட்டார், படங்களோடு. அவருடைய தளக் கான்கிரீட்டுக்கு முந்தைய பார்வையில் ‘பாஸ் இல்லை’ என்று எழுதிவிட்டார்களாம். பில்டர் கோபமாக இருக்கிறாராம், அந்தச் சர்வேயர் யார் தெரியுமா என்று தம்பி கேட்கிறார். தெரியாது. பெயரை வைத்து எதுவும் சொல்லவும் மாட்டேன்.

படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தெர்மோகோல் பெட்டிகளை அடுக்கி மேலே கம்பி வலை விரித்திருக்கிறார்கள். வலையைத் தூக்கி நிறுத்தும் சிறு கால்கள் ஒரு பக்கம் வரிசையாக இருக்கின்றன, வடக்கு ஓரத்தில் இல்லை. நம் ஊர் கவர் பிளாக் செய்கிற வேலையைத்தான் இங்கே அந்தப் பிளாஸ்டிக் கால்கள் செய்கின்றன. அங்கே வலை அப்படியே பெட்டி மேல் படுத்திருக்கிறது. ஓரத்து விட்டக் குழியில் கணுக்கால் அளவு தண்ணீர், அதில் ஒரு கையுறை மிதக்கிறது. மேற்குப் பகுதிக் களிமண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். இந்த மண்ணில் அந்தக் குழிதான் வீட்டின் முதுகெலும்பு.

‘ஊற்றும்போது வலையைத் தூக்கிவிட்டுக்கொள்வோம்’ என்று மேற்பார்வையாளர் சொன்னாராம். இதே வாக்கியத்தை மதுரை மாட்டுத்தாவணி பக்கம் ஒரு மேஸ்திரியிடம் இருபது வருடத்துக்கு முன் கேட்டிருக்கிறேன். அவர் வெற்றிலை போட்டுக்கொண்டு சொன்னார், இவர் சூயிங்கம் மென்றுகொண்டு சொல்லியிருப்பார்.

பில்டர் அச்சடித்துக் கொடுத்த பெயர், ஒரு தட்டுக் கோப்பு அனுப்பும் பில்டர், இருந்தும் பாஸ் எழுதவில்லை. ஆகஸ்ட் 10ஆம் தேதிக் குறிப்பை அழிக்கலாமா என்று யோசித்தேன். அழிக்கவில்லை, அப்படியே கிடக்கட்டும்.

மறுபார்வை செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி என்கிறீர்கள். திங்கள் இரவு மழை இருக்கிறது. தண்ணீர் இறைக்கப் பம்பு வருகிறதா என்று மட்டும் நாளைக்கே கேட்டு வையுங்கள்.